மின்மாற்றியை விட்டுவிட்டுச் சொல்லப்படும் மின்சார வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடும் மாறுதிசை மின்னோட்டம் (ஏ.சி.) உலகுக்கு வந்த கதை ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியாகியிருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் உரக்கச் சொல்லிப் பார்த்ததைக் கேட்ட பிறகே நான் அதை வாங்கிப் படித்தேன். எடிசனுக்கும் டெஸ்லாவுக்கும் நடந்த போரில் டெஸ்லா வென்றார் என்றும், மாறுதிசை மின்னோட்டத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றும், இந்தியா அந்த முன்னேற்றத்தைப் பல பத்தாண்டுகள் கழித்தே கண்டது என்றும் அக்கட்டுரை சொல்கிறது. “ஏந்தாத்தா, அப்ப நீங்க காயில் கட்டுன மோட்டாரெல்லாம் டெஸ்லா ஒருத்தரே கண்டுபிடிச்சதா?” என்று பேத்தி கேட்டாள். அன்றிரவு அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் ஒழுங்குபடுத்தித் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பட்டம் பெற்ற பொறியாளன் அல்லன். சேலம் அம்மாபேட்டையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் விசைத்தறி மோட்டார்களுக்கும் சிறிய மின்மாற்றிகளுக்கும் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டிப் பிழைத்தவன். அந்தக் கைப்பழக்கத்திலிருந்து பார்க்கும்போது, கட்டுரையில் இருப்பவர்களைக் காட்டிலும் இல்லாத ஒன்றே என்னை உறுத்துகிறது. மாறுதிசை மின்னோட்டம் ஏன் வென்றது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கேட்டால் மின்மாற்றி, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர், என்றுதான் சொல்ல வேண்டும். முழுப் பக்கக் கட்டுரையில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை.

மாணவர்களுக்குப் புரியும்படி ஏற்காட்டையே எடுத்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 10 கிலோவாட் மின்சாரம் தேவைப்படும் ஒரு விடுதிக்குச் சேலத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பியில் மின்சாரம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று 60 கிலோமீட்டர் கம்பி வேண்டும். அதன் மின்தடை ஏறத்தாழ 82 ஓம். எடிசன் காலத்து விளக்குகளுக்கு ஏற்ற 100 வோல்ட்டில் அனுப்பினால், விடுதிக்கு 100 ஆம்பியர் தேவை. ஆனால் ஏற்காட்டில் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டால்கூட அந்தக் கம்பியில் ஓடக்கூடியது ஓர் ஆம்பியருக்குச் சற்றே கூடுதல்தான். அதே கம்பியில் 10,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓர் ஆம்பியர் போதும். வழியில் கம்பியைச் சூடாக்கி வீணாவது 82 வாட், அதாவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் 10,000 வோல்ட்டை விடுதி அறைக்குள் கொண்டுபோக முடியாது. புறப்படும் இடத்தில் ஏற்றவும் சேரும் இடத்தில் இறக்கவும் ஒரு கருவி வேண்டும். அன்றைய தொழில்நுட்பத்தில், ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டத்துக்கு (டி.சி.) அப்படியொரு எளிய கருவி கிடையாது. மாறுதிசை மின்னோட்டத்துக்கோ இரும்பும் செம்பும் போதும்; சுழலும் பாகம் ஒன்றுகூட வேண்டியதில்லை. இந்தக் கணக்குதான் முடிவைத் தீர்மானித்தது. ஆட்கள் அதன் பிறகுதான் வருகிறார்கள்.

அந்த இரும்பும் செம்பும் முதலில் சேர்ந்தது 1831 ஆகஸ்ட் 29 அன்று, லண்டனில், மைக்கேல் ஃபாரடேயின் கையில். ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு சுருளில் மின்சாரத்தைத் தொடுக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மற்றச் சுருளில் மின்னோட்டம் எழுவதை அவர் கண்டார். மின்காப்புக்கு எனாமல் பூசிய கம்பி அன்று ஏது? சுற்றுக்குச் சுற்று நூலையும், அடுக்குக்கு அடுக்கு காலிகோ என்னும் பருத்தித் துணியையும் வைத்துக் கட்டினார். காலிகோ என்ற பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. லெதராய்டு பேப்பரும் வார்னிஷும் கையாண்டு பழகிய எனக்கு, அந்த வளையத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது ஒரு விஞ்ஞானி செய்த கருவியாகத் தோன்றாது. பொறுமையுள்ள ஒரு காயில்காரர் கட்டியதாகவே தோன்றும்.

அடுத்த ஆண்டே பாரிஸில் இப்போலித் பிக்ஸி என்பவர், காந்தத்தைக் கையால் சுழற்றி மின்சாரம் எடுக்கும் பொறியைச் செய்தார். அதில் வந்தது மாறுதிசை மின்னோட்டம்தான். முன்னும் பின்னுமாக ஓடும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. ஆகவே ஆம்பியரின் யோசனைப்படி, திசையை ஒழுங்குபடுத்தும் கம்யூட்டேட்டர் என்ற பாகம் அதில் சேர்க்கப்பட்டது. பிறந்தவுடனேயே குறை என்று கருதித் திருத்தப்பட்ட ஒன்றை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கண்டுபிடித்தார் என்று மாணவர்களுக்குச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

அதற்கு முதல் பயன் கிடைத்தது தெருவிளக்கில். ரஷ்யரான யாப்லச்கோவ் 1876-இல் பாரிஸில் உருவாக்கிய வில்விளக்கில் இரண்டு கரிக்குச்சிகள் அருகருகே நின்று எரியும். நேர்திசை மின்னோட்டத்தில் ஒரு குச்சி மற்றதைவிட வேகமாகக் கரைந்துவிடும் என்பதால், இரண்டும் சமமாக எரிய மாறுதிசை மின்னோட்டம் கொடுக்கப்பட்டது.

இனி நான் சற்று நின்று சொல்ல விரும்புவது லூசியன் கோலார் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றி. அவரும் ஜான் கிப்ஸ் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து மின்மாற்றியை முதன்முதலாக ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் வேலையில் பூட்டினார்கள். 1883-இல் லண்டனில் காட்டிவிட்டு, 1884-இல் இத்தாலியின் துரின் நகரக் கண்காட்சியில் அங்கிருந்து லான்சோ வரை சுமார் 40 கிலோமீட்டருக்கு மின்பாதை அமைத்து விளக்குகளை எரித்தார்கள். ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, சுருள்களுக்கு உள்ளே இருக்கும் இரும்பு உள்ளகம் மூடிய வளையமாக இல்லாமல் இரு முனைகளும் திறந்தே இருந்தது. ஃபாரடேயின் வளையத்தில் ஏற்கெனவே இருந்த நன்மை கைநழுவிப் போயிருந்தது. மற்றது, மின்மாற்றிகளின் முதன்மைச் சுருள்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருந்தார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலத்துத் தெருக்களில் கட்டும் சீரியல் செட்டை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அதில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். கோலாரின் அமைப்பில் எல்லாம் அணைந்துவிடாது என்றாலும், ஒரு வீட்டில் விளக்கைக் கூட்டினாலோ குறைத்தாலோ மற்ற வீடுகளின் மின்னழுத்தமும் ஏறி இறங்கும். அதைச் சரிசெய்ய ஆள் நின்று உள்ளகத்தை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பின்னர் காப்புரிமை வழக்குகளில் கோலார் தோற்றார். 1888 நவம்பரில், தம் 38-ஆம் வயதில், பாரிஸில் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். இன்று தெருவுக்குத் தெரு மின்மாற்றி நிற்கிறது. அவர் பெயரோ நம் பாடப்புத்தகத்திலும் இல்லை, தங்கள் கட்டுரையிலும் இல்லை.

அவர் விட்ட இடத்தைச் சரிசெய்தவர்கள் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த மூன்று ஹங்கேரியர்கள்: சிபர்னொவ்ஸ்கி, பிளாத்தி, தேரி. 1885-இல் அவர்கள் உள்ளகத்தை மூடிய இரும்பாக்கினார்கள். மின்மாற்றிகளைத் தொடராக இல்லாமல், மின்பாதையின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே பக்க இணைப்பில் மாட்டினார்கள். ஒரு வீட்டில் விளக்கை அணைத்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்ற, இன்று நாம் யோசித்துக்கூடப் பார்க்காத வசதி அந்த இணைப்பில்தான் பிறந்தது. டிரான்ஸ்பார்மர் என்ற பெயரை வைத்தவர்களும் அவர்களே. மூடிய உள்ளகத்தின் அருமை காயில் கட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டி முடித்த சுருளின் பொந்துக்குள் ஆங்கில ‘E’ வடிவத் தகட்டையும் ‘I’ வடிவத் தகட்டையும் மாற்றி மாற்றிச் செருகி, மரச்சுத்தியால் தட்டி, போல்ட்டு போட்டு முறுக்குவோம். தகடுகளுக்கு இடையே நகக்கண் அளவு சந்து விட்டாலும் மின்மாற்றி உறுமும். வேலையே செய்யாமல் வெறுமனே நிற்கும்போதே கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். புதிதாக வேலை பழக வந்த பையன்களுக்கு நான் முதலில் கற்றுத்தந்தது அந்த உறுமலைக் காதால் கேட்டுச் சந்தைக் கண்டுபிடிப்பதைத்தான்.

அந்த ‘E’ வடிவத் தகடு, எவரும் எளிதில் அடுக்கிவிடும்படியாக அமெரிக்காவில் உருவெடுத்தது வில்லியம் ஸ்டான்லியின் வேலையில். கோலார், கிப்ஸ் இருவரின் மின்மாற்றிகளையும் ஐரோப்பாவிலிருந்து ஒரு சீமென்ஸ் மின்னியற்றியையும் (ஜெனரேட்டர்) வரவழைத்திருந்த தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸிடம் ஸ்டான்லி பணியாற்றினார். உடல்நலம் குன்றியதால் பிட்ஸ்பர்க்கை விட்டு மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூருக்குப் போன அவர், கைவிடப்பட்ட ஒரு ரப்பர் ஆலையில் சோதனைக்கூடம் அமைத்து, 1886 மார்ச் 20 அன்று அவ்வூரின் கடைத்தெருவுக்கு விளக்கேற்றினார். மின்னியற்றியிலிருந்து 500 வோல்ட். தெரு நெடுகிலும் எல்ம் மரங்களில் கட்டிய கம்பி. கட்டடங்களுக்குள் மின்மாற்றியால் 100 வோல்ட்டாக இறக்கம். அவ்வளவுதான். இன்று நம் தெருமுனையில் நடப்பதும் அதேதான். மாணவர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மேட்டூரின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்தவர் இவரல்லர், அவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி.

எடிசனைக் கட்டுரை வெறும் வில்லனாகக் காட்டியதும் சரியல்ல. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் தொடங்கிய நிலையம், ஒரு நகரப் பகுதிக்கு நேர்திசை மின்சாரத்தை முறையாக விநியோகித்துக் காட்டியது. அவர் கம்பிகளைத் தெருவுக்கு அடியில் புதைத்தார். மற்றவர்களின் உயரழுத்தக் கம்பிகளோ அந்நகரின் தலைக்கு மேல் சிலந்தி வலை போலத் தொங்கி, ஆட்களைக் கொன்றன. உயரழுத்தத்தைப் பற்றிய அவருடைய அச்சத்தில் உண்மை இருந்தது. ஆனால் 110 வோல்ட்டில் ஒரு மைல் தொலைவுக்கு மேல் போக முடியாத தன் முறையைக் காப்பாற்றுவதற்காக, ஹெரால்ட் பிரவுன் என்பவர் மாறுதிசை மின்னோட்டத்தால் நாய்களைக் கொன்று காட்டிய பரப்புரைக்கு அவருடைய ஆய்வகம் துணைநின்றதும், 1890-இல் வில்லியம் கெம்லர் என்ற கைதி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டதில் அப்பரப்புரைக்குப் பங்கிருந்ததும் மன்னிக்கக் கூடியவை அல்ல. அச்சத்துக்கு உரிய பதில் நல்ல மின்காப்பு. லண்டனில் செபாஸ்டியன் ஃபெராண்டி, இருபத்து மூன்று வயதில் டெப்ட்ஃபோர்டு நிலையத்தை வடிவமைக்கத் தொடங்கி, மெழுகில் ஊறிய பழுப்புக் காகிதத்தைச் சுற்றி 10,000 வோல்ட் தாங்கும் கேபிளைச் செய்தார். அது ஆபத்தற்றது என்று அதிகாரிகளுக்குக் காட்ட, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கேபிளுக்குள் ஓர் உளியை அடித்து இறக்கச் சொன்னார். உளியை வெறுங்கையால் பிடித்திருந்த உதவியாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிளின் வெளிக்கடத்தி நிலத்தோடு இணைந்திருந்ததே காரணம். இன்று நாம் எர்த் என்று சொல்லும் அதே பாதுகாப்பு.

விளக்கு வந்துவிட்டது, மோட்டார் இன்னும் வரவில்லை. டெஸ்லாவின் பெருமை இங்கேதான் இருக்கிறது. அதைக் குறைப்பது என் நோக்கமன்று. கட்டங்கள் (பேஸ்) விலகிய, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாறுதிசை மின்னோட்டங்களைச் சுற்றி வைத்த சுருள்களில் செலுத்தினால், இரும்பு அசையாமல் நிற்க, அதற்குள் காந்தப்புலம் மட்டும் சுழலும் என்ற உண்மையை அவர் மின்னியற்றி, மின்பாதை, மோட்டார் என்று முழு அமைப்பாக வரைந்து, 1887-இல் விண்ணப்பித்து, 1888 மே 1 அன்று காப்புரிமை பெற்றார். அதே மே 16 அன்று நியூயார்க்கில் ஆற்றிய உரையில் அதைப் பொறியாளர்களுக்கு விளக்கினார். அந்தக் கோடையிலேயே வெஸ்டிங்ஹவுஸ் அவற்றை வாங்கிக்கொண்டார். ஆனால் துரின் நகரப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ் 1885-லேயே இரு சுருள்களுக்கு நடுவே ஒரு செம்பு உருளையைச் சுழல வைத்துப் பார்த்திருந்தார். 1888 மார்ச் 18 அன்று, அதாவது டெஸ்லா பேசுவதற்கு இரு மாதங்களுக்கு முன்பே, அதைத் துரின் அறிவியல் கழகத்தில் வெளியிட்டார். அவர் காப்புரிமை கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பாராமல் தனித்தனியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வதே நியாயம்.

சுழலும் புலத்தைக் கண்ணால் பார்க்க எங்கள் பட்டறையில் ஒரு வழி உண்டு. மோட்டாரின் அசையாத வெளிப்பாகமான ஸ்டேட்டரில் காயில் கட்டி முடித்ததும், உள்ளே சுழலும் பாகமான சுழலியை மாட்டுவதற்கு முன், பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு ஒன்றை உள்ளே போட்டு, மூன்று பேஸையும் மிகக் குறைந்த அழுத்தத்தில் கொடுப்போம். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் குண்டு உட்சுவரை ஒட்டிக்கொண்டு, கீழே விழாமல் சுற்றிச் சுற்றி ஓடும். ஏதாவது ஒரு சுருளைத் தலைகீழாக இணைத்திருந்தால் குண்டு தயங்கி ஓரிடத்தில் நின்று நடுங்கும்; அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டியதுதான். அமெரிக்காவில் ஆலிவர் ஷாலன்பெர்கர் 1888-இல் ஒரு வில்விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கழன்று விழுந்த சிறு சுருள்வில் ஒன்று காந்தச் சுருளின் அருகே தானாகவே சுழல்வதைக் கண்டு, சில வாரங்களுக்குள் மாறுதிசை மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரைச் செய்தாராம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எங்கள் பேரிங் குண்டுதான் நினைவுக்கு வந்தது. வீடுகளில் அண்மைக்காலம் வரை கறுப்புப் பெட்டிக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த மீட்டர் தட்டும் அந்த வகைதான்.

ஆனால் விசைத்தறியில் ஓடும் மோட்டார் டெஸ்லாவின் வரைபடத்தில் உள்ள மோட்டார் அன்று. டெஸ்லா முதலில் பெரிதும் இரண்டு பேஸைக் கொண்டு வேலை செய்தார். மூன்று பேஸ் மோட்டாரை, அணில் கூண்டு போன்ற எளிய சுழலியோடு, 1889-இல் செய்தவர் பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் பணியாற்றிய ரஷ்யர் மிகயீல் தலீவோ-தப்ரவோல்ஸ்கி. அந்தச் சுழலிக்குக் கம்பி இணைப்பே கிடையாது. தேயும் கார்பன் பிரஷும் இல்லை. பஞ்சுத் தூசி பறக்கும் தறிக்கூடத்தில் தீப்பொறி எழாமல் ஆண்டுக்கணக்கில் ஓட அதனால்தான் முடிகிறது. பட்டறைக்கு வந்த கருகிய மோட்டார்களில் சுழலி கெட்டு வந்தவை மிகச் சில. பெரும்பாலானவை ஒரு பேஸ் போய், மற்ற இரண்டில் ஓட முயன்று கருகியவை. மூன்று பேஸ் சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் இணைப்பில் அப்படி நேர்ந்தால் இரண்டு பேஸின் சுருள்கள் கரியாகியிருக்க, மூன்றாவது மட்டும் புதுக்கம்பி போலப் பளபளக்கும். அதைப் பார்த்தே தறிக்காரரிடம், “மோட்டாரில் குற்றமில்லை, பீஸ் கட்டையைப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்புவேன்.

அந்த மூன்று பேஸின் வலிமையை உலகம் கண்டது 1891 ஆகஸ்டில். ஜெர்மனியின் லாஃபன் என்ற ஊரில் நெக்கர் ஆற்றின் நீர்விசையில் எடுத்த மின்சாரத்தை, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூன்றே செம்புக் கம்பிகளில், 15,000 வோல்ட்டில், 175 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பிராங்க்பர்ட் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அது ஆயிரம் விளக்குகளை எரித்தது. ஒரு மோட்டாரை ஓட்டி, நீரை மேலேற்றிச் செயற்கை அருவியாகக் கொட்டவும் வைத்தது. ஆற்றில் எடுத்த திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஊர் வந்து சேர்ந்தது. ஓர் ஆற்றின் வீழ்ச்சி 175 கிலோமீட்டருக்கு அப்பால் மீண்டும் அருவியாக விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன்பின் வாதம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. என்றாலும் அமெரிக்காவின் நயாகரா அருவி மின்திட்டத்துக்கு ஆலோசனை கூறிய பேரறிஞர் கெல்வின் பிரபு, மாறுதிசை மின்னோட்டத்தை ஏற்கும் பெருந்தவறைச் செய்துவிட வேண்டாம் என்று 1893-இல் தந்தி அனுப்பினார். திட்டக்காரர்கள் அதைக் கேட்கவில்லை. 1895-இல் நயாகரா ஓடத் தொடங்கியது. 1896 நவம்பரில் பஃபலோ நகருக்கு மின்சாரம் போனது.

இனி, இந்தியா பிந்தியது என்ற கருத்துக்கு வருகிறேன். நயாகராவுக்கு இரண்டே ஆண்டுகளில், 1897-இல், டார்ஜிலிங்கின் சித்ராபோங்கில் 130 கிலோவாட் நீர்மின் நிலையம் மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடியது. சென்னையின் டிராமும் கல்கத்தாவின் முதல் மின்நிலையமும் நேர்திசையில் ஓடின என்பது உண்மையே. ஊருக்குள்ளேயே எடுத்து ஊருக்குள்ளேயே செலவிட்டதால் அவற்றுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் நம் காவிரியின் கதை வேறு. சிவசமுத்திரத்தில் அருவி இருந்தது. தேவையோ வெகுதொலைவில் கோலார் தங்கச் சுரங்கத்தில். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் ஆதரித்து, கனடாவில் பிறந்த பொறியாளர் ஜோலி த லொத்பினியேர் வகுத்த திட்டத்தின்படி, 1902 ஜூன் 30 அன்று சுமார் 147 கிலோமீட்டர் மின்பாதையில் காவிரி மின்சாரம் கோலாருக்குப் போய்ச் சேர்ந்தது. பிராங்க்பர்ட் சோதனை முடிந்து பதினோரு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அதுவும் சில வாரக் கண்காட்சி அன்று. நாள்தோறும் சுரங்கத்தின் பொறிகளை ஓட்டிய மின்சாரம். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. கோலார் நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் வெகுதொலைவில் இல்லை. 1905-இல் அதே நீர் பெங்களூருக்கும் விளக்கேற்றியது. சிவசமுத்திரத்தில் விழுந்த காவிரி மேகேதாட்டு, ஒகேனக்கல் கடந்து மேட்டூருக்கு வருகிறது. 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் மின்நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. ஆக, மாறுதிசை மின்னோட்டத்தின் வரலாற்றில் நம் காவிரி தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. சேலத்தில் விற்பனையாகும் ஒரு நாளிதழ் மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடலாமா?

சேர்வராயன் மலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அலுமினியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் வழியை அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் கண்டது, கிரேட் பேரிங்டனில் விளக்கெரிந்த அதே 1886-இல். நயாகராவின் முதல் வாடிக்கையாளர் ஓர் அலுமினியத் தொழிற்சாலைதான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய அலுமினியத் தாதுவான பாக்சைட் மலையிறங்கி மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்குப் போனதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. அலுமினியம் பிரிக்க நேர்திசை மின்னோட்டமே வேண்டும். ஆகவே மாறுதிசையாக வரும் மின்சாரத்தை அங்கே திருத்தி நேர்திசையாக்கினார்கள். இன்று மின்பாதைகளில் தொங்குவதும் செம்பன்று, அலுமினியமே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து காவிரிக்கரைப் புகளூர் வரை, 1,700 கிலோமீட்டருக்கு மேல், 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதை இப்போது நேர்திசையில்தான் ஓடுகிறது. மின்னணுக் கருவிகள் வந்தபின் நேர்திசையையும் ஏற்றி இறக்க வழி பிறந்துவிட்டது. ஒன்று வென்றது, மற்றது தோற்றது என்று எழுதியதை இதற்காகவும் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் அவர்கள் அதே மாணவர் இணைப்பில், அதே அளவு எழுத்தில், இரண்டு திருத்தங்களையாவது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: மாறுதிசை மின்னோட்டத்தைத் தனியொருவர் கண்டுபிடிக்கவில்லை என்பதும், 1902-லேயே காவிரி அதைச் சுமந்தது என்பதும். லூசியன் கோலார், பிளாத்தி, ஸ்டான்லி, ஃபெராரிஸ், தலீவோ-தப்ரவோல்ஸ்கி ஆகிய பெயர்களுக்கும் அதில் இடம் கிடைத்தால் மகிழ்வேன். பட்டறையை இப்போது என் மகன் நடத்துகிறான். பேரிங் குண்டு ஓடுவதை மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் எந்த வேலைநாளிலும் அவர்களை அழைத்து வரலாம், நானே காட்டுகிறேன். பேத்தியின் பேச்சுப் போட்டி அடுத்த மாதம் முதல் வாரத்தில் நடக்கிறது. அதற்கு முன் திருத்தம் வெளிவந்தால், அவள் கத்தரித்து வைத்திருக்கும் பக்கத்தோடு அதையும் சேர்த்து ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் காயில் தொழிலாளி,
அம்மாபேட்டை, சேலம்.